ரோட்ஸ்ரரைக் கொடுத்து அல்ஃபாவை எடுக்கலாமா? – வாகனம்: வாசகர் கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கத்துப் பழைய கார்ப் பிரியர்கள் அனுப்பிய கடிதங்களில் பல, வீட்டில் கட்டிய காரைக் கொடுத்து இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் எடுப்பதைப் பற்றியே கேட்கின்றன. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, லோட்டஸ் செவன் மாதிரியில் ஒரு ரோட்ஸ்ரர் (கூரையில்லாத இரண்டு இருக்கைக் கார்) கட்டி வைத்திருக்கிறேன். சட்டம் (சேஸி) பொக்ஸ் பாரில், அதாவது சதுர இரும்புக் குழாயில் கட்டியது. எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு எல்லாம் ரொயோட்டா கொரொலா கே.ஈ.70 காரினது. கொழும்பில் ஒருவர் தன் 1972 அல்ஃபா ரோமியோ 2000 ஸ்பைடரை இதற்கு மாற்றித் தரலாம், மேலே கொஞ்சம் காசும் தர வேண்டும் என்கிறார். மாற்றலாமா? என்னென்ன பார்க்க வேண்டும்? – உப்புவெளி வாசகர்

பதில்: மாற்றலாம். ஆனால் எந்த பொனட்டையும் திறக்க முன்னர் இரண்டு காரின் பதிவுப் புத்தகத்தையும் திறந்து பாருங்கள். இந்த மாற்று கவிழ்வதென்றால் பெரும்பாலும் உங்கள் பக்கத்துப் புத்தகத்தில்தான் கவிழும்.

கே.ஈ.70 தனிச் சட்டம் இல்லாத கார். அதன் உடலே சட்டம். சட்ட இலக்கம் எஞ்சின் அறையின் பின்சுவரில் அடிக்கப்பட்டிருக்கும். உடலைக் கழித்துவிட்டுப் பொக்ஸ் பாரில் புதிதாகக் கட்டியபோது அந்தச் சுவர் எங்கே போனது? இலக்கம் இருந்த துண்டை மட்டும் வெட்டியெடுத்துப் புதுச் சட்டத்தில் ஒட்டியிருந்தால், நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பார்ப்பவருக்கு அது களவுக் காரின் அடையாளமாகவே தெரியும். புத்தகத்தில் கொரொலா, முற்றத்தில் கதவே இல்லாத இரண்டு இருக்கை வண்டி. காப்புறுதிக்காரருக்கு இழப்பீட்டை மறுக்க இந்த ஒரு முரண்பாடு போதும். ஆகவே மாற்றுப் பேச்சுக்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் உடல் மாற்றத்துக்கு அங்கீகாரம் கேளுங்கள். கட்டும்போது எடுத்த படங்கள், எஞ்சினும் அச்சும் வாங்கிய பற்றுச்சீட்டுகள், பொறியியலாளர் ஒருவரின் அறிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அங்கீகாரம் கிடைக்காவிட்டால் நீங்கள் கொடுப்பது காரல்ல, சாமான்களின் தொகுதி. விலையையும் அப்படியே பேச வேண்டும்.

இன்னொன்று. எழுத்தில் எங்கேயும் ‘லோட்டஸ்’ என்று போடாதீர்கள். அசல் செவனை லோட்டஸ் நிறுவனர் கொலின் சப்மன் 1957இல் அறிமுகப்படுத்தினார். 1973இல் அதைத் தயாரிக்கும் உரிமை கேற்றர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. உங்களுடையது ‘செவன் மாதிரி’. ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இருந்தால் நாளைக்கு வழக்குப் பேச்சு வராது.

விலையைப் பொறுத்தவரை, நீங்கள் செலவழித்த தொகையை மறந்துவிடுங்கள். வீட்டில் கட்டிய காரின் உழைப்புக்குச் சந்தையில் கூலி கிடையாது. ஓடும் நிலையிலுள்ள எஞ்சின், கியர் பெட்டி, அச்சு, சில்லு, ரயர் ஆகியவற்றுக்குத் தனித்தனியே இன்றைய விலை போட்டுக் கூட்டுங்கள். சட்டமும் வேலையும் நன்றாக இருந்தால் அதற்கு மேலே ஏதாவது கேட்கலாம். அல்ஃபாவுக்கு எதிர்மாறான கணக்கு: நல்ல நிலையில் அது என்ன விலை போகுமோ அதிலிருந்து திருத்தச் செலவைக் கழித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு தொகைக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் நீங்கள் மேலே கொடுக்கக்கூடிய காசு. அவர் வாயில் வருகிற தொகை அல்ல.

உங்கள் காரை அவருடைய மெக்கானிக் எப்படிச் சோதிப்பார் என்று தெரிந்திருந்தால் நீங்களே முந்திக்கொள்ளலாம். முதலில் சட்டம். 25 மில்லிமீற்றர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீற்றர் தடிப்பு என்பது இந்த வகைக் கார்களில் வழக்கமான அளவு. சிறிய சுத்தியலால் கீழ்க் குழாய்களை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கிற இடத்தில் உள்ளே தண்ணீர் நின்று கறள் பிடித்திருக்கிறது. ரிவெட் அடிக்கத் துளைத்த துளைகள் வழியேதான் அந்தத் தண்ணீர் போகிறது. அலுமினியத் தகட்டையும் இரும்புக் குழாயையும் நேரடியாக ஒட்ட வைத்திருந்தால் கடற்காற்றில் வேறு தொல்லையும் உண்டு. உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் அரிபட்டு, ரிவெட்டைச் சுற்றி வெள்ளை மாவு போலக் கிளம்பும். தகட்டைக் கழற்றி, குழாயைத் துடைத்து, பிரைமர் அடித்து, இடையில் பொலியூரேத்தேன் சீலன்ற் பூசி, முனை மூடிய ரிவெட்டால் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு வார வேலை. செய்து வைத்தால் பேரத்தில் அதன் பலன் கைக்கு வரும்.

அடுத்தது பிரேக். கொரொலாவின் பின் பிரேக் ஒரு தொன்னுக்குக் கிட்டிய காருக்கு அளந்தது; உங்கள் வண்டி அறுநூறு கிலோகிராமைத் தாண்டாது. மழையில் அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் பின்சில்லு முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். பின் லைனில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று பொருத்தி, முன்சில்லு முதலில் பூட்டும் வரைக்கும் திருகி வையுங்கள். ஸ்ரியரிங் ரக் வேறு காரினது என்றால் மேடு பள்ளத்தில் வண்டி தானாகத் திரும்பும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சில்லை 50 மில்லிமீற்றர் மேலும் கீழும் அசைத்து, சில்லின் முன்விளிம்பு உள்ளே வெளியே போகிறதா என்று அளந்தால் தெரியும். போனால் ரக்கின் உயரத்தை மாற்ற வேண்டும். அலைன்மன்ற் செய்து அதைத் திருத்த முடியாது.

இனி அல்ஃபா. 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் வெளிவந்த கார் இது. உடல் பினின்ஃபரீனாவின் வேலை. 1969 வரை வந்தவற்றுக்குப் படகு போலக் கூர்ந்து வட்டமான வால், 1970இலிருந்து வெட்டிவிட்டது போன்ற தட்டையான வால். 1972 என்று சொல்லி வட்ட வால் காட்டினால் ஏதோ ஒன்று பொய். 2000 எஞ்சின் 1962 சி.சி.; ஐரோப்பியச் சந்தைக்கான காபரேற்றர் எஞ்சினின் இலக்கம் ஏ.ஆர். 00512 என்று தொடங்கும். 00548 என்றிருந்தால் அது 1779 சி.சி. உள்ள 1750 மாதிரிக் காரின் எஞ்சின். அதுவும் நல்ல எஞ்சின்தான், ஆனால் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சட்ட இலக்கம் எஞ்சின் அறைப் பின்சுவரில் அடித்திருக்கும். அதைச் சுற்றி வெல்டிங் கோடு, புதுப் பெயின்ற், எழுத்துகள் கோணலாக நிற்பது என்று எதைக் கண்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

இலக்கம் சரி என்றால் கறளுக்கு வாருங்கள். கூரை இல்லாத இந்தக் காரின் முதுகெலும்பு, கதவுக்குக் கீழே முன்சில்லிலிருந்து பின்சில்லு வரைக்கும் ஓடும் இரும்புப் பெட்டி. வெளித் தகடு, உள் தகடு, நடுவில் ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. வெளித் தகட்டை மட்டும் புதிதாக ஒட்டிப் பூசி மெழுகினால் பார்வைக்குப் புதுக் கார். நடுத் தகடு உளுத்திருந்தால் நடுவில் தொய்யும். சோதனை சுலபம். கதவை மூடிக் கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். முன்சில்லுக்குப் பின்னாலுள்ள ஜக் இடத்தில் ஜக் வைத்துச் சில்லு தரையை விடும்வரை உயர்த்துங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ பெட்டி போய்விட்டது. ஜக் வைத்த இடமே நசுங்கி உள்ளே போனால் வேறு சோதனை தேவையில்லை. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பெட்டியின் கீழ்ப்பகுதியில் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, பூசி நிரப்பிய பட்டி. பிறகு இருக்கைகளுக்குப் பின்னால் துணிக் கூரை மடிகிற குழிக்குள் கையை விடுங்கள். அங்கிருந்து தண்ணீர் வடிகிற குழாய் அடைபட்டால் தண்ணீர் கதவடிப் பெட்டியின் பின்பாதிக்குள் தேங்கும். கறள் அங்கேதான் தொடங்கும்.

கால் வைக்கும் தரையில் விரிப்பைத் தூக்குங்கள். வலக்கை ஓட்டக் கார்களில் பெடல்கள் தரையிலிருந்து எழும். பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் தரைக்கு அடியில் சேறும் தண்ணீரும் படுகிற இடத்தில் இருக்கும். காரை உயர்த்தி அதைக் கட்டாயம் பாருங்கள். எண்ணெய் கசிந்து பெயின்ற் உரிந்திருந்தால் சிலிண்டரோடு சேர்த்துத் தரைத் தகட்டுக்கும் செலவு வரும்.

எஞ்சினைக் குளிராக இருக்கும்போதே தொட்டுப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிடச் சொல்லுங்கள். முழு அலுமினிய எஞ்சின், உள்ளே தண்ணீர் நேரே படும் இரும்பு லைனர்கள், சங்கிலியால் ஓடும் இரட்டைக் காம் தண்டு. இதன் பலவீனம் தலைக் கஸ்கட், அதாவது எஞ்சினின் மேற்பகுதியான தலைக்கும் கீழ்ப்பகுதியான பிளொக்குக்கும் இடையில் வைக்கும் அடைப்பு. பிளொக்கிலிருந்து தலைக்கு எண்ணெய் போகும் வழியில் ஆறு சிறிய ஓ-ரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) உண்டு. காலம் போக அவை இறுகி எண்ணெயை விடும். வெளியே கசிந்தால் தலைக்கும் பிளொக்குக்கும் நடுவில் ஈரம். உள்ளே கசிந்தால் ரேடியேற்றர் மூடியின் அடியில் கபில நிறப் பசை. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் அதே பசை இருந்தால் தண்ணீர் எண்ணெய்க்குள் போகிறது. தலையைக் கழற்றும் செலவை நேராக விலையில் கழியுங்கள்.

இரட்டைக் காபரேற்றர்களைத் தாங்கும் ரப்பர் துண்டுகள் வெடிப்பதும் வழக்கம். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது காபரேற்றர் கிளீனரைக் கொஞ்சம் அந்த ரப்பரில் தெளியுங்கள், எக்ஸோஸ்ற் பக்கம் படாமல். சத்தம் மாறினால் அங்கே காற்று உறிஞ்சுகிறது. கலவை மெலிந்து வால்வு எரிவதற்கு அது காரணமாகும். சாமான் மலிவு, வேலை அரை நாள்.

பிறகு அநுராதபுரச் சந்தியிலிருந்து கன்னியாப் பக்கமாக ஓட்டிப் பாருங்கள். முதல் சில நிமிடத்திலேயே, கியர் எண்ணெய் சூடாக முன், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்குங்கள். ‘கர்’ என்றால் இரண்டாம் கியரின் சிங்க்ரோ (கியரை உரசாமல் சேர்க்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அல்ஃபாவில் பிறவிக் குறை என்றே சொல்லலாம். கொஞ்சம் சத்தம் இருந்தால் சகிக்கலாம், மூன்றாம் கியரிலும் வந்தால் சகிக்க வேண்டாம். மணிக்கு அறுபது, எழுபதில் அடியில் நடுக்கம் வந்தால் கியர் பெட்டிக்குப் பின்னாலுள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருக்கலாம். புதியதைப் பொருத்தும்போது அதைச் சுற்றி வரும் உலோகப் பட்டியைக் கழற்றாமல் ஆறு பொல்ற்றையும் இறுக்கி முடித்த பிறகே வெட்டியெடுக்க வேண்டும். முதலே கழற்றினால் ரப்பர் விரிந்து துளைகள் சேராது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 3.5 பாருக்கும் 5 பாருக்கும் இடையில் நிற்க வேண்டும். வந்ததும் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப ஸ்ரார்ட் செய்யச் சொல்லுங்கள். பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

கதவடிப் பெட்டியும் இலக்கமும் சரியாக இருந்தால், எஞ்சினில் என்ன குறை இருந்தாலும் மாற்றலாம். பெட்டி போயிருந்தால் எஞ்சின் பொன்னாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஃபியற் 124 ஸ்பைடர் ஒன்று மலிவாக வருகிறது. அல்ஃபாவை விட அது நல்லதா? – சீனக்குடா வாசகர்

பதில்: ஓட்டுவதற்கு இரண்டும் அருமை. ஃபியற் 1966இல் வெளிவந்து 1985 வரை வந்தது. நான்கு சில்லுக்கும் டிஸ்க் பிரேக். தலை அலுமினியம், பிளொக் இரும்பு. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வட்டத் தகட்டை ஃபியற்றில் மேலாலேயே மாற்றலாம். அல்ஃபாவில் காம் தண்டைக் கழற்ற வேண்டும்.

இரண்டு விடயம் கவனியுங்கள். ஃபியற்றில் சங்கிலி இல்லை, ரைமிங் பெல்ற். பழைய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லாவிட்டால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, பெல்ற்றையும் அதை இறுக்கும் பெயாரிங்கையும் ஒன்றாக மாற்றுங்கள். அறுந்தால் வால்வு வளையும் ஆபத்து உண்டு. கறள் முதலில் பார்க்க வேண்டிய இடம் முன் ஷொக் அப்சோபர் மேலே பிடிக்கும் கோபுரம். பொனட்டைத் திறந்து அதன் அடியையும் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, இந்தக் கார் தொழிற்சாலையில் இடக்கை ஓட்டமாக மட்டுமே செய்யப்பட்டது. வலக்கை ஓட்டமாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஸ்ரியரிங் பெட்டியையும் பிரேக் இணைப்புகளையும் ஒரு நல்ல மெக்கானிக்கைக் கொண்டு பார்க்காமல் வாங்காதீர்கள். இடக்கை ஓட்டமாக இருந்தால், இலங்கைப் பதிவுப் புத்தகம் விற்பவரின் பெயரிலேயே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ‘பிறகு பதியலாம்’ என்ற வாக்குறுதியில் ஏறாதீர்கள். மலிவாக வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

கேள்வி: இருவரும் காரை மாற்றிக்கொண்டு, ஓபன் பேப்பரில் (வாங்குபவரின் பெயர் நிரப்பாத மாற்றுப் படிவத்தில்) கையெழுத்து வைத்துக் கொடுத்தால் போதாதா? பெயர் மாற்றும் செலவு மிச்சம்தானே? – கிண்ணியா வாசகர்

பதில்: மிச்சமாவது கொஞ்சக் காசு, கையைக் கடித்தால் காரே போகும். உங்கள் பழைய காரை அவர் மோதினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை. அவர் அதை மூன்றாவது ஆளுக்கு ஓபன் பேப்பரோடு கொடுத்துவிட்டால் பிறகு யாரைப் பிடிப்பது? மாற்றில் இந்தச் சிக்கல் இரட்டை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

ஒரே நாளில் இரண்டு பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பியுங்கள். புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அதை நீக்கிய பிறகுதான் பேச்சு. வாகன வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இரண்டும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். பழைய சொந்தக்காரரின் காப்புறுதி உங்களைக் காக்கும் என்று நம்ப வேண்டாம். உங்கள் பெயரில் புதுக் காப்புறுதி எடுத்த பிறகே சாவியை வாங்குங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பெறுமதியில் காப்புறுதி எழுதச் சொல்லிக் கேளுங்கள்; இல்லாவிட்டால் இழப்பு நேரும்போது ஐம்பது வருடப் பழைய கார் என்று தேய்மானம் கழிப்பார்கள்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் போதும். இரண்டு காரின் பதிவு, சட்ட, எஞ்சின் இலக்கங்கள், மேலே கொடுத்த காசு, தெரிந்த குறைகள், திகதியும் நேரமும். குறைகளை எழுதுவது உங்களுக்கே பாதுகாப்பு: ‘பின் பிரேக் வால்வு பொருத்தியது, வீட்டில் கட்டிய சட்டம்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பிறகு முறைப்பாடு வராது.

கேள்வி: கடலோரம் வீடு. இப்படியான காரை இங்கே வைத்திருக்க முடியுமா? – நிலாவெளி வாசகர்

பதில்: முடியும், கிணற்றுத் தண்ணீரை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர். அதால் காரைக் கழுவினால் உப்பை நீங்களே பூசுகிறீர்கள். ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அலுமினியத் தலையை உள்ளே அரித்து, கஸ்கட் உட்காரும் இடத்தில் குழி விழ வைக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்ற்றும் பாதிக்குப் பாதி. நம்மூர் வெயிலுக்குக் கூலன்ற் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறைவதைத் தடுக்க அல்ல, அரிப்பைத் தடுக்கத்தான் அது. அல்ஃபா ஸ்பைடருக்கு மொத்தம் பத்து லீற்றரளவு பிடிக்கும். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

பிளாஸ்ரிக் படங்கால் மூடாதீர்கள். வாடை மழைக் காலத்தில் அதற்குள் ஈரம் வேர்த்து நிற்கும். காற்றோடும் துணி உறை, சிமெந்துத் தரை, கடலுக்கு முதுகு காட்டும் சுவர் ஆகியவை போதும். கச்சான் வீசுகிற மாதங்களில் தூசு வடிகால் துளைகளை அடைக்கும். நைலோன் கயிறு விட்டு மாதமொருமுறை சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டால் குழாய் கிழியும். கதவடிப் பெட்டிக்குள் துளை வழியே மெழுகு எண்ணெய் அடித்து வைப்பது கட்டாயம்.

விளக்கு எரிவது, அணைவது என்று வித்தை காட்டினால் வயரிங்கை மாற்ற ஓடாதீர்கள். பழைய இத்தாலியக் கார்களின் ஃபியூஸ் இரண்டு முனையும் கூர்ந்த சிறு துண்டு. அதைப் பிடிக்கும் செப்புத் தகடு கடற்காற்றில் பச்சை பூக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு, மெல்லிய அரத்தாளால் தகட்டைத் தேய்த்து, ஃபியூஸை மாற்றி, பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் எர்த் வயரின் பொல்ற்றையும் சுத்தம் செய்யுங்கள். பாதி வித்தை அதோடு நிற்கும்.

கேள்வி: என்ன பெற்றோல், என்ன எண்ணெய்? சாமான் எங்கே? – தம்பலகாமம் வாசகர்

பதில்: 95 ஒக்ரேன். எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய், அல்ஃபாவுக்கு ஆறு லீற்றருக்கு மேல் தேவைப்படும். நான்கு லீற்றர்க் கலன் ஒன்று போதாது. கியர் பெட்டிக்கு ஜீ.எல்.-4 தர எண்ணெய்தான், ஜீ.எல்.-5 ஊற்றினால் சிங்க்ரோ வழுக்கும், இருக்கிற இரண்டாம் கியரும் கெடும். பெயாரிங், சீல், ஹோஸ் போன்றவற்றை அளவு சொல்லிக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடலாம். கஸ்கட், ஓ-ரிங், காபரேற்றர் ரப்பர், கதவடிப் பெட்டித் தகடு எல்லாம் இங்கிலாந்திலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரவழைக்க வேண்டும். காரை எடுத்த கையோடு தலைக் கஸ்கட் செற் ஒன்றை வாங்கி அலுமாரியில் வையுங்கள்.